ஆடி மாசத்துப் புல்லு

ஆடி பொறந்தா எங்க ஊருல கல்யாணம் கிடையாது. மேளக்காரங்க, பந்தல்காரங்க, சமையல்காரங்க எல்லாம் காலை நீட்டி உக்காந்துருவாங்க. எங்களுக்கு அப்பத்தான் வேலையே ஆரம்பிக்கும். நானும் எங்க வீட்டுக்காரரும் கல்யாண மண்டபத்துப் புல்தரையச் சரி பண்றவங்க. வைகாசி, ஆனி முழுக்க ஊரே சேந்து மிதிச்சுச் சீரழிச்ச புல்லை, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள பழையபடி பச்சையாக்கிக் குடுக்கணும். வருசா வருசம் இதே பாடுதான். சொல்றதுக்கே எனக்கு அலுப்பா இருக்கு.

ஒத்தக்கடையில மேலூர் ரோட்டோரம் இப்ப எங்க பாத்தாலும் மண்டபம். எல்லாத்துலயும் 'லான்' வேணும். வரவேற்பு லான்ல, போட்டோ லான்ல, ஐஸ்கிரீம் லான்ல. சரி, நல்லா நடத்துங்க, யாரு வேண்டாம்னா? ஆனா அந்தப் புல்லை அவங்க கொல்ற அழகு இருக்கே! கல்யாணத்துக்கு மொத நா மத்தியானமே மேனேஜர் ஹோஸைத் திறந்து விட்டுருவார். போட்டோவுல புல்லு பளபளன்னு தெரியணுமாம். தரை சொதசொதன்னு ஊறிக் கெடக்கும். மறுநா அது மேலதான் நாற்காலியப் போட்டு ஊரையே உக்கார வைப்பாங்க. நாற்காலிக் காலெல்லாம் உள்ள எறங்கி எறங்கி, எந்திரிச்சுப் போனப்புறம் பாத்தா தரை சல்லடையா நிக்கும்.

பத்தாததுக்குத் தாய்மாமன் சீரு வரும். எங்க பக்கத்துச் சீருன்னா ரெண்டு தட்டுல பழம் வச்சுக் கொண்டாந்துட்டுப் போற வேலையா? லாரி ரோட்டுல நிக்கும். பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு அம்புட்டும் ஆளுக தூக்கிட்டு வந்து, வர்றவங்க பாக்கணும்னு புல்லு மேலதான் எறக்குவாங்க. முன்னால மேளம், அதுக்கு முன்னால மாப்ள மச்சான்மாரு ஆட்டம். சீருக்கு வந்த கெடா மட்டும் ஒரு ஓரமா நின்னு நிம்மதியா மேஞ்சுக்கிட்டிருக்கும். அம்புட்டுக் கூட்டத்துல புல்லுக்கு மரியாதை குடுக்கிறது அது ஒண்ணுதான்னு நான் சொல்லுவேன்.

இப்படி ரெண்டு மாசம் மிதிபட்டா அந்தக் களிமண்ணு தார் ரோடு கணக்கா இறுகிரும். தண்ணி ஊத்துனா உள்ள எறங்காம மேலயே மினுங்கிக்கிட்டு நிக்கும். வேருக்குக் காத்துப் போகாது. புல்லு திட்டுத் திட்டா மஞ்சளாகிச் செத்துரும். மொதல்ல மெஷின விட்டு அந்தத் தரைய மேலாக்கக் கொத்தி இளக்கணும். செத்ததச் சொரண்டி எடுக்கணும். மணலும் சலிச்ச எருவும் கலந்து பரப்பணும். அப்புறம் கொரியன் புல்லக் கொத்துக் கொத்தாப் பிச்சு வச்சு, விரலால அழுத்திக்கிட்டே பின்னால நகந்து வரணும்.

மெஷின் எங்க வீட்டுக்காரர் வேலை. குந்தி உக்காந்து வைக்கிறது என் வேலை, கூட வர்ற பொம்பளைக வேலை. இதை யாரும் பேசி வச்சுக்கல, மொத நாள்ல இருந்தே அப்படித்தான் நடந்துச்சு. எங்க ஆளுக தலைமுறை தலைமுறையா அடுத்தவங்க வயல்ல நாத்து நட்டவங்க. நானும் கல்யாணத்துக்கு முந்தி நட்டிருக்கேன். நெல்லுக்கு நடுவுல புல்லு மொளச்சா வேரோட பிடுங்கி வரப்புல எறிஞ்ச கைதான் இது. இப்ப அதே கை புல்ல நட்டு, நடுவுல வேற எதுவும் மொளச்சா அதைப் பிடுங்குது. இதைச் சொன்னா எங்க வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்கு முட்டி வலிக்கிற அன்னிக்குச் சிரிப்பு வராது.

இப்ப அந்த மெஷின் கதைக்கு வாரேன். எங்க வீட்டுக்காரருக்கு மெஷின்னா கனமா இருக்கணும். கடையில எதக் காட்டுனாலும் ஒரு ஓரத்தப் பிடிச்சுத் தூக்கிப் பாப்பார். லேசாத் தூக்க வந்தா மூஞ்சி சுருங்கிரும். "தகரம்"னு சொல்லிட்டு நகந்துருவார். அப்படித்தான் சில வருசத்துக்கு முன்னால பெருசா ஒண்ணு வாங்கிட்டு வந்தார். வயல்ல உழுகுற மெஷினுக்குத் தம்பி மாதிரி இருந்துச்சு. பெட்ரோல் எஞ்சின், இரும்புச் சக்கரம், முன்னால கொத்துக் கொத்தாக் கத்தி. கடையில ஒரு நல்ல வார்த்தையும் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க: "ஒரு வாரம் பாருங்கண்ணே. தோதுப்படலேன்னா புதுசு கலையாமக் கொண்டாங்க, வேற மாத்தித் தாரோம்."

புதுசு கலையாம! எங்க வீட்டுக்காரர் செல்லூருல எங்க சந்து முனையில லோடு ஆட்டோவ விட்டு எறக்குனதும் எறக்காததுமா, பக்கத்துத் தறிக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பூஜை போட்டுட்டார். சந்தனம், குங்குமம், மல்லியப்பூ மாலை. நாலு சக்கரமும் இருக்கிற வண்டி மாதிரி எலுமிச்சம்பழத்த அடியில வச்சு நசுக்கி ஏத்துனார். பூசணிக்காய ஒடச்சதுல குங்குமத் தண்ணி எஞ்சின் மேலெல்லாம் தெறிச்சுச்சு. கடைசியா 'குலதெய்வம் துணை'ன்னு பெயிண்ட்டர விட்டே எழுதிட்டார். "மொதல்ல ஓட்டிப் பாத்துட்டு இதெல்லாம் செய்யக்கூடாதா?"ன்னு கேட்டேன். "பூஜை போடாம எப்படித்தா ஓட்டுறது?"ன்னார்.

மறுநா ஒத்தக்கடை மண்டபத்துக்குக் கொண்டு போனோம். அங்க லானு பின்பக்கம் இருக்கு. மண்டபத்து டைல்ஸ் வழியா மெஷின உருட்ட விட மாட்டாங்க; வெளிய இருந்து உள்ள போக ஓரமா ஒரு சின்ன கேட்டு, அவ்வளவுதான். வாஸ்து பாத்து அந்த மூலையில பெருசா வாசல் வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டாங்களாம். மெஷின் உள்ள போகல. இப்படித் திருப்பிப் பாத்தோம், அப்படித் திருப்பிப் பாத்தோம். ரெண்டு பக்கமும் சக்கரம் இடிக்குது. அடி ஆத்தி, வாங்குறதுக்கு முந்தி மெஷினத் தூக்கிப் பாத்த மனுசன் கேட்டை ஒரு தடவ அளந்து பாத்திருக்கக் கூடாதா! நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "திருப்பிக் குடுத்துருவோம்"னேன். "பூஜை போட்டதத் திருப்பிக் குடுக்குறதா? வெளங்குமா நமக்கு?"ன்னு என்னைய ஏதோ பெரும்பாவம் சொன்னவ மாதிரிப் பாத்தார். அவர் கொண்டு போயிருந்தாலும் கடையில அந்தக் குங்கும அபிஷேகத்தப் பாத்துட்டு வாங்கியிருக்க மாட்டாங்க, அது வேற.

அதுல இருந்து ஒவ்வொரு தடவையும் ஹேண்டிலக் கழட்டி, சக்கரத்தக் கழட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு உள்ள தூக்கிட்டுப் போயி மறுபடி மாட்டுவோம். வேலை முடிஞ்சா திரும்பக் கழட்டணும். கழட்டிக் கழட்டி மாட்டுனதுல போல்ட்டெல்லாம் மரை தேஞ்சு போச்சு. ஸ்டார்ட் பண்ணுனா ஹேண்டிலு கடகடன்னு ஆடும். அந்த ஆட்டத்த எங்க வீட்டுக்காரர் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நாள் முழுக்க ஓட்டுவார். விளக்குக் கம்பத்துக்கிட்ட, செடி ஓரத்துல எல்லாம் அந்தப் பூதம் திரும்பவும் திரும்பாது. செத்த புல்லோட உசுரா இருக்கிற புல்லையும் சேத்துப் பிச்சு எறியும். அத்தனையும் நாங்க குந்திக்கிட்டுத் திருப்பி வைக்கணும்.

அப்புறந்தான் அவர் கையில கோளாறு ஆரம்பிச்சுச்சு. விரல் நுனி மதமதன்னு இருக்குன்னார். குளுருல அப்படித்தான் இருக்கும்னு அவரே சொல்லிக்கிட்டார். மதுரையில ஏது குளுரு? போகப் போகச் சட்டைப் பட்டன் போட வரல. ரெண்டு நா நான் போட்டு விட்டேன். மூணாம் நா பட்டன் இல்லாத டீ சர்ட்டுக்கு மாறிட்டார். "வெக்கைக்கு இதுதான் நல்லாருக்கு"ன்னார். ஒரு நா சுடச்சுட டீய எவர்சில்வர் டம்ளர்ல குடுத்தேன். நான் சேலைத் தலைப்பால பிடிச்சுக் குடுத்தத அவர் வெறுங்கையால வாங்கிப் பேசிக்கிட்டே நின்னார். ஊதிக் குடிக்கல, கீழயும் வைக்கல. சாயந்தரம் பாத்தா உள்ளங்கையில கொப்புளம்.

இழுத்துட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டுனேன். அவரு விரல் விரலாக் குத்திப் பாத்தார். "இது மெஷின் ஆட்டத்துல நரம்புக்கு வந்த கேடு. இனிமே அதிர்ற மெஷினத் தொடாதீங்க. இப்படியே பிடிச்சுக்கிட்டிருந்தீங்கன்னா இருக்கிற உணர்ச்சியும் போயிரும். போனா திரும்ப வராது"ன்னு நல்லாத் தெளிவாச் சொன்னார். வெளிய வந்ததும் எங்க வீட்டுக்காரர் என்கிட்டச் சொல்றார், "கொஞ்சம் சூதானமா ஓட்டச் சொல்லியிருக்கார்"னு. நானும் அதே ரூம்லதான் உக்காந்திருந்தேன்! எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல.

போன ஆனிக் கடைசியில, ஆடி வேலைக்கு எடுத்து ஓட்டிப் பாக்கறப்ப அந்தப் பெரிய மெஷின் மூச்ச நிறுத்திருச்சு. எஞ்சின் இறுகிப்போச்சு, சரி பண்ண ஆகாதுன்னுட்டாங்க. வெளிய முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டேன். உள்ளுக்குள்ள எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சனியன் தொலஞ்சுச்சு. ஆனா ஆடி பொறந்துருச்சே. மண்டபத்து மேனேஜர் போன் மேல போன். "அக்கா, ஆவணியில மொத முகூர்த்தமே பெரிய எடத்துக் கல்யாணம். புல்லு வரலேன்னா என்னையத்தான் கேப்பாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, வேற ஆளப் பாக்குறேன்." அந்த மண்டபம் போனா எங்களுக்கு வருசத்துல பாதி வேலை போன மாதிரி.

எங்க வீட்டுக்காரர் மறுபடி பெட்ரோல் மெஷினுதான்னார். போன தடவைக்கு ஒரு சுத்துச் சின்னதா. நான் ஆளப் போட்டு ஓட்டுவோம்னேன். மெஷின் ஆளு கெடைக்கிறது குதிரைக்கொம்பு, கெடைச்சாலும் ரெண்டு நா வந்துட்டு மூணாம் நா காணாமப் போயிருவான்னார். அது நெசந்தான். "அப்ப நான் ஓட்டுறேன்"னேன். அவர் தட்டுல இருந்த சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். விரலு சரியா மடங்காம பருக்கை சிந்திக்கிட்டிருந்துச்சு. அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தட்டத் தூக்கி எறிஞ்சிருப்பேன். எறியல. எம்புட்டுத்தான் ஒரு மனுசிக்குச் சண்ட போடத் தெம்பு இருக்கும்?

ஆனா ஒண்ணு, இந்தத் தடவ கேட்டை நான் அளந்துட்டு வந்தேன். பூக்காரி மாதிரி முழம் போட்டுப் பாத்து, நம்பிக்கையில்லாம ஒரு கயித்தையும் பிடிச்சு முடிச்சுப் போட்டு எடுத்துக்கிட்டேன். மேனேஜர், "என்னக்கா, கயித்தோட சுத்துறீங்க?"ன்னு சிரிச்சார். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவுல உள்ள இடுக்கையும், ரெண்டு பனைமரத் தொட்டிக்கு நடுவுல உள்ள எடத்தையும் அளவு பிடிச்சேன். எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா அது பண்ற அழிச்சாட்டியத்தப் பின்னாலயே குந்திக்கிட்டுச் சரி பண்றவ நான்தானே. கேட்டுக்குள்ள நேரா நுழையணும். ரெண்டு பொம்பளையாத் தூக்கி லோடு ஆட்டோவுல வைக்கணும். ஆழமாத் தோண்டாம விரக்கடை ஆழம் மட்டும் இளக்கணும். ஆடக் கூடாது. எனக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.

பழங்காநத்தத்துல ஒரு கடை இருக்கு, ஓட்டிப் பாக்க விடுவாங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் பைக்க எடுத்தார். நான் பஸ்ஸுலதான் வருவேன்னு நின்னுட்டேன். பிரேக்கப் பிடிக்கிற அந்தக் கைய நெனச்சுத்தான் நின்னேன். காரணத்த நானும் சொல்லல, அவரும் கேக்கல. பஸ்ஸுல ஆளுக்கொரு பக்கம் உக்காந்து போனோம்.

கடைக்காரத் தம்பி நல்ல பய. அண்ணே, அக்கான்னு ரெண்டு பேரையும் பின்னால முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஓட்டிப் பாக்கறதுக்குன்னே கொஞ்சம் மண்ணுத் தரைய விட்டு வச்சிருந்தாங்க. பெட்ரோல் மெஷின் வரிசையா நின்னுச்சு. ஓரத்துல, முட்டி உயரத்துக்கு ஒண்ணு. ஒடுக்கமா, சார்ஜ் போட்டு ஓட்டுறது. ஹேண்டில மடக்கி வைக்கலாமாம். நான் கயித்த எடுத்துக் குறுக்க வச்சுப் பாத்தேன். முடிச்சுக்கு உள்ளயே நின்னுச்சு. கேட்டுக்குள்ள போயி திரும்பியும் வரும். எங்க வீட்டுக்காரர் அத ஒரு கையால தூக்கிப் பாத்தார். தூக்க வந்துருச்சு. "விளையாட்டுச் சாமான்"னு வச்சுட்டுப் பெட்ரோல் மெஷின்கிட்டப் போயிட்டார்.

எஞ்சின் கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். இழுத்தார். பிடி நழுவிக் கயிறு உள்ள ஓடிருச்சு. அவர் கை மட்டும் பின்னால வந்துச்சு, வெறுங்கையா. நழுவுனது அவருக்கே கண்ணால பாத்தப்புறந்தான் தெரிஞ்சுச்சு. "சோக் போடலண்ணே, அதான்"னு கடைக்காரத் தம்பி சொன்னார். மறுபடி இழுத்து ஸ்டார்ட் ஆச்சு. அந்த மெஷினுல ஒரு லிவரு, அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் ஓடும், விட்டா நின்னுரும். பத்தடி போயிருப்பார், நின்னுருச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணுனார். திரும்ப நின்னுச்சு. விரலு தளர்றது அவருக்குத் தெரியல. அவர் அழுத்திப் பிடிச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கார். "மெஷினுல ஏதோ கோளாறு தம்பி"ன்னார். கடைக்காரத் தம்பி வந்து பிடிச்சுக் கடைசி வரைக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்துனார். மெஷின அணைச்சதும் ரோட்டுல போற பஸ் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

எங்க வீட்டுக்காரர் குழாயடிக்குப் போயி கைய கழுவுனார். அழுக்கே இல்லாத கைய ரொம்ப நேரம் கழுவுனார்.

"அக்கா, நீங்க அந்தச் சின்னத ஓட்டிப் பாருங்களேன்"ன்னார் அந்தத் தம்பி. இம்புட்டு வருசத்துல நான் ஒரு மெஷின் ஹேண்டிலத் தொட்டது கிடையாது. பிடிச்சதும் அது என்னைய இழுத்துக்கிட்டு ஓடப் பாத்துச்சு. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, கொஞ்சம் பின்னால சாஞ்சு நின்னேன். அடங்கிருச்சு. சத்தம் மிக்சி அளவுக்குத்தான். கையில ஆட்டமே தெரியல. திரும்பிப் பாத்தா தரை விரக்கடை ஆழத்துக்குப் பூவா இளகிக் கெடக்கு. இது வேணும்னுதான் வருசக்கணக்கா மனசுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் ஓடுதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. எங்க வீட்டுக்காரர் குழாயடியில இருந்து பாத்துக்கிட்டு நின்னார். அவர் மூஞ்சியப் பாக்க எனக்கு முடியல, தரையவே பாத்து ஓட்டிக்கிட்டிருந்தேன்.

கடைக்காரத் தம்பி ஸ்பேனரோட வந்தார். "ஹேண்டில ஏத்தி எறக்கலாம்ணே. ஆளுக்குத் தக்கன வச்சுக்கிட்டாத்தான் இடுப்பு வலிக்காது. யாரு ஓட்டப் போறீங்க?"

நான் வாயத் திறக்கல. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும். எங்க வீட்டுக்காரர் டீ சர்ட்டுல கையத் தொடச்சுக்கிட்டே வந்தார். மெஷினப் பாத்தார், என்னையப் பாத்தார்.

"அவ உயரத்துக்கு வைங்க தம்பி"ன்னார்.

எத்தன நாளு இதுக்குன்னு மல்லுக்கு நின்னிருக்கேன். அவர் வாயாலயே சொன்னா எப்படிச் சந்தோசப்படுவேன்னு நெனச்சு வச்சிருந்தேன். சந்தோசமே வரல. அந்தக் கடைய விட்டு எங்கயாச்சும் ஓடிப்போயி அழணும் போல இருந்துச்சு.

"முழங்கைய மடக்குனா எந்த உயரத்துல நிக்குதோ, அதுதான் அளவு"ன்னார் தம்பி.

"இருங்க, நான் பாக்குறேன்." எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட வந்தார். நாலு பேரு பாக்கறப்ப என் பக்கத்துல ஒட்டி நிக்கக்கூட கூச்சப்படுற மனுசன். "கைய மடக்குத்தா"ன்னார். மடக்குனேன். அவர் என் முழங்கைக்கு அடியில கைய வச்சார். விரலு அஞ்சும் சதையில அழுந்துச்சு, நல்லா வலிச்சுச்சு. அவர் குனிஞ்சு, எட்டிப் பாத்துக்கிட்டே கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்குனார். அப்புறம் அந்தத் தம்பிக்குக் கேக்காம, என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரிக் கேட்டார்.

"என் கை படுதா?"

"படுதுங்க"ன்னேன்.